ஒரு தோல், இரண்டு எண்ணெய்

ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் சுருட்டப்பள்ளி. அங்கே ஆலகால நஞ்சை உண்ட சிவன் அம்பிகையின் மடியில் தலைவைத்து மயங்கிப் படுத்திருக்கிறார். அடுத்து நாகலாபுரம்: கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவியின் பெயரில் எழுப்பிய ஊர், மச்சாவதாரப் பெருமாளாக வேதநாராயணர் நிற்கும் கோயில். பிறகு பிச்சாட்டூர், புத்தூர், திருப்பதி. சென்னையிலிருந்து ஏழுமலையானைப் பார்க்கப் போகும் குடும்பங்களுக்கு நன்றாகப் பழகிய சாலை இது. கிளம்பும்போது வண்டிச் சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். இன்னொரு பழம் அம்மாவின் கைப்பைக்குள் போகும். திருமலை ஏற்றத்தின் கொண்டையூசி வளைவுகளில் பிள்ளைக்குக் குமட்டினால் அந்தப் பழம் வெளியே வரும். நகத்தால் தோலை லேசாகக் கீறி மூக்கருகே பிடிப்பார்கள். பிள்ளை கண்ணைத் திறந்து பார்க்கும்.

அந்தக் கீறலிலிருந்து எழுவது சாற்றின் மணம் அல்ல. சாறு பழத்துக்குள்ளேயே இருக்கிறது. மணப்பது தோலில் இருக்கும் எண்ணெய். அந்த எண்ணெய்தான் இன்று சிறு கறுப்புப் புட்டிகளில் அடைபட்டு நறுமண சிகிச்சை என்ற பெயரில் உலகமெங்கும் விற்கிறது. அது புட்டிக்குள் வந்து சேர்ந்த கதை நீண்டது. அந்தக் கதையை அறியாமல் புட்டியை வாங்கினால் தோலில் தழும்போடு நிற்கவும் நேரலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தோலைப் பார்ப்போம். எலுமிச்சைத் தோலை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியின் அடியிலும் ஒரு எண்ணெய்ப் பை. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராக மரம் சேர்த்து வைத்திருக்கும் சரக்கு அது. தோலை இரு விரல்களுக்கிடையே மடக்கினால் பைகள் வெடித்துக் கண்ணுக்குத் தெரியாத தூறலாகச் சிதறும். அதை விளக்குச் சுடரை நோக்கி மடக்கிப் பாருங்கள்: பொறிப் பொறியாகப் பற்றி எரியும். ஊதிய பலூன்மேல் தெளித்தால் பலூன் வெடித்துவிடும். இந்த எண்ணெயின் பெரும்பகுதியான லிமோனீன் ரப்பரைக் கரைக்கும், தெர்மாகோலையும் கரைக்கும். நல்லெண்ணெய் காகிதத்தில் பட்டால் கறை நிற்கிறது. இதில் ஒரு துளி விட்டால் சற்று நேரத்தில் பெரும்பாலும் பறந்து போய்விடும். இதை எண்ணெய் என்பதே வழக்கத்தால்தான். நாம் சமைக்கும் எண்ணெயோடு இதற்கு உறவே இல்லை.

பழத்தின் பூர்விகம் ஆசியக் காடுகளில்தான். கடாரநாரத்தையும் பிலிப்பைன்ஸ் பக்கத்துக் காட்டு இனம் ஒன்றும் கலந்து பிறந்ததே நம் சிறிய புளிப்பு எலுமிச்சை என்று மரபணு ஆய்வாளர்கள் 2016-ல் தெளிவாக்கினார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த மற்றொரு பெரிய ஆய்வு, இந்தக் குடும்பம் முழுவதற்கும் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரமே பிறந்தகம் என்றது. அங்கிருந்து அரேபியர் கையில் மத்தியதரைக் கடலுக்கும், ஸ்பானியர் கப்பலில் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போனது. இந்தப் புலம்பெயர்வு நடந்திராவிட்டால் எண்ணெய் என்ற சரக்கே பிறந்திருக்காது. ஏனென்றால் நாம் பழத்தைச் சாற்றுக்காகவும் ஊறுகாய்க்காகவும் சாமிக்காகவும் வளர்த்தோம். தோலின் மணத்தைத் தனியே பிரித்துப் புட்டியில் அடைக்கும் எண்ணம் நமக்கு வரவில்லை. நமக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் மரமே இருந்தது.

எண்ணெயின் முதல் பிறப்பு இத்தாலியின் தென்கோடியில், கைகளால். சிசிலியிலும் கலாப்ரியாவிலும் தொழிலாளிகள் பழத்தோலைக் கடற்பஞ்சில் அழுத்தித் திருகுவார்கள். பஞ்சு நனைந்ததும் மண்சட்டியில் பிழிவார்கள். பிரான்சில் உட்பக்கம் முட்கள் வைத்த செம்புக் கிண்ணத்தில் பழத்தை உருட்டுவார்கள். முள் குத்திய பைகளிலிருந்து வழிந்தது கிண்ணத்தின் அடிக்குழலில் சேரும். நெருப்பு படாத எண்ணெய். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறிய இத்தாலியர் ஜொவான்னி மரியா ஃபரீனா, பெர்கமாட் முதலான எலுமிச்சை இன எண்ணெய்களைச் சாராயத்தில் கரைத்து விற்ற வாசனை நீர்தான் இன்றுவரை அந்த ஊரின் பெயரில் உலவுகிறது. 1844-ல் நிக்கோலா பரில்லா என்பவர் கலாப்ரியாவில் பெர்கமாட் தோலைச் சீவ ஒரு சுழல்பொறி செய்தார். பஞ்சு மெல்ல ஓய்ந்தது, எண்ணெய் ஆலைச் சரக்கானது.

இரண்டாவது பிறப்புதான் எனக்கு அதிகம் பிடித்தது. அதில் எண்ணெயை யாருமே தேடவில்லை.

ஸ்கர்வி என்ற நோய் கப்பல்காரர்களைக் கொன்று குவித்த காலம். ஈறு வீங்கும், பல் ஆடும், பழைய புண் மறுபடி திறக்கும். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்த நோயாளிகள் மட்டும் விரைவில் எழுந்து நடந்ததைப் பதிவு செய்தார். 1795-ல் பிரிட்டிஷ் கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாற்றைப் படியாக அளக்கத் தொடங்கியது. அது மத்தியதரைக் கடலோரத்துப் பெரிய மஞ்சள் எலுமிச்சை. 1860-களில் செலவையும் சொந்தக் காலனிகளின் வியாபாரத்தையும் கருதி மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய பச்சை எலுமிச்சைக்கு மாறினார்கள். 1867-ல் வணிகக் கப்பல்களும் சாறு ஏற்றியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்து லாக்லன் ரோஸ், சாராயம் சேர்க்காமல் சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

அந்த மாற்றத்துக்குக் கொடுத்த விலை பெரிது. பச்சை எலுமிச்சைச் சாற்றில் ஸ்கர்வியைத் தடுக்கும் சத்து மஞ்சளைவிடக் குறைவு. புளிப்பு அதிகமாக இருந்ததால் மருந்தும் அதிகம் என்று நினைத்தார்கள். 1875-ல் வடதுருவம் நோக்கிப் போன நேர்ஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியின் குழுவினர் கப்பலில் சாறு இருந்தும் ஸ்கர்வியில் வீழ்ந்தார்கள். புளிப்பை மருந்தாக எண்ணியதற்காக மனித உயிர்கள் போயின.

இதற்குள் மொன்செராட், டொமினிக்கா தீவுகளில் எலுமிச்சைத் தோட்டங்கள் பரவிவிட்டன. அடிமை முறைக்கு எதிராகப் போராடிய பர்மிங்காம்காரர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜோசஃப் ஸ்டர்ஜ், கூலி கொடுத்து விவசாயம் செய்தாலும் லாபம் வரும் என்று காட்டவே 1857-ல் மொன்செராட்டில் தோட்டம் வாங்கினார். அவர் குடும்பத்து ஆலை சிட்ரிக் அமிலம் தயாரித்தது. அதற்கு எலுமிச்சைச் சாறு வேண்டும். பீப்பாய் பீப்பாயாகச் சாற்றை அப்படியே கப்பலில் ஏற்றக் கட்டுப்படியாகாது. எனவே தீவிலேயே செம்புக் கொப்பரைகளில் கொதிக்கவைத்து, பத்துப் பங்கு ஒரு பங்காகும் வரை வற்றவைத்தார்கள். கறுத்துக் கெட்டியான குழம்பு கப்பலேறியது.

பழத்தை நசுக்கிப் பிழியும்போது தோல் எண்ணெயும் சாற்றோடு கலந்துதானே வரும்? கொதிக்கையில் அது ஆவியோடு வெளியேறித் தோட்டமெல்லாம் மணத்தது. அந்த ஆவியைக் குழாயில் பிடித்துக் குளிரவைத்தால் மேலே எண்ணெய் மிதந்தது. வீணாகப் போய்க்கொண்டிருந்ததைப் பிடித்து விற்றார்கள், அவ்வளவுதான். வடித்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் இப்படித்தான் உபரியாகப் பிறந்தது.

பிறகு 1917-ல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்க வேதியியலாளர், கறுப்புப் பூஞ்சணத்துக்குச் சர்க்கரையைக் கொடுத்தால் சிட்ரிக் அமிலம் சுரக்கும் என்று காட்டினார். 1919-ல் ஃபைசர் நிறுவனம் ஆலையில் அதைத் தொடங்கியது. எலுமிச்சைக் குழம்புக்கு இருந்த சந்தை அத்தோடு சரியத் தொடங்கியது. உபரியாக வந்த எண்ணெயோ பிழைத்துக்கொண்டது. மிட்டாய்க்கும் சோப்புக்கும், கோலா வகைப் பானங்களின் மணக் கலவைக்கும் அது வேண்டியிருந்தது. எதற்காகத் தோட்டம் போட்டார்களோ அது போய், யாரும் எண்ணாதது நின்றது.

ஆக ஒரே பழத்தோல், இரண்டு எண்ணெய். பிழிந்தது ஒன்று, வடித்தது ஒன்று. நுகர்ந்தாலே வேறுபாடு தெரியும். பிழிந்ததில் அப்போதுதான் கீறிய தோலின் பச்சை மணம்; சிட்ரால் என்ற பொருளின் கூர்மை அது. வடிப்பதில் எண்ணெய் மணிக்கணக்கில் புளிப்புச் சாற்றோடு சேர்ந்து கொதிக்கிறது. அமிலமும் சூடும் சிட்ராலைச் சிதைக்கின்றன; எண்ணெயில் டெர்பினியால், சினியோல் போன்ற வேறு பொருட்களை உண்டாக்கிவிடுகின்றன. சோடா பாட்டிலைத் திறந்தால் வருகிற அந்த 'லெமன்' மணம் இதுதான். கொதிகலனில் பிறந்த மணம் அது. மரத்திலிருக்கும் பழத்தில் தேடினால் கிடைக்காது.

மணத்தைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. எலுமிச்சைத் தோலில் ஃபுரானோகூமரின் என்ற வகைப் பொருட்கள் உண்டு. அவை கனமானவை, ஆவியாகாதவை. வடிக்கும்போது கொப்பரையிலேயே தங்கிவிடும். பிழிந்தால் எண்ணெயோடு வந்துவிடும். நம் தோலில் பட்டு அதன்மேல் வெயிலின் புற ஊதாக் கதிர் விழுந்தால் தீக்காயம் போலவே கொப்புளம் எழும். அது ஆறிய பிறகும் பழுப்புத் திட்டு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நிற்கும். நம் ஊரில் முகத்துக்கும் முழங்கைக்கும் எலுமிச்சைத் தோலைத் தேய்த்தால் கருமை போகும் என்று அழகுக் குறிப்புகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தேய்த்துவிட்டு வெயிலில் போனால் நடப்பது அதற்கு நேர்மாறு. சித்திரை வெயிலில் மோர்ப் பந்தலுக்குப் பழம் பிழிகிறவர்கள், கை கழுவாமல் வெயிலில் நிற்கக் கூடாது என்பதை யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

இந்த எண்ணெய்கள் மருத்துவத்தின் பக்கம் வந்தது ஒரு விபத்தை ஒட்டி. 1910 ஜூலையில் பிரான்சின் லியோன் பகுதியில் வாசனைத் தொழில் செய்த வேதியியலாளர் ரெனே-மொரீஸ் கத்ஃபொஸே தன் ஆய்வகத்தில் வெடித்த தீயில் சிக்கினார். கைகளில் அழுகல் பரவியது. லாவெண்டர் எண்ணெயால் கழுவியதும் அது நின்றதாக அவரே பின்னாளில் எழுதினார். தற்செயலாகக் கையை எண்ணெய்த் தொட்டியில் விட்டார், உடனே ஆறியது என்று இன்று பரவியிருக்கும் கதை பிற்காலத்து ஒட்டுவேலை. 1937-ல் அவர் எழுதிய நூல்தான் அரோமாதெரபி என்ற பெயரை உலகுக்குக் கொடுத்தது. அவருக்குப் பின் ராணுவ மருத்துவர் ழான் வால்னே 1964-ல் எழுதிய நூலும், எண்ணெயைத் தோலில் நீவும் முறையை வளர்த்த மார்கரீத் மொரியும் அதைப் பரப்பினார்கள். லாவெண்டர் தொடங்கிவைத்த வரிசையில் ஆரஞ்சும் பெர்கமாட்டும் எலுமிச்சையும் சீக்கிரமே சேர்ந்தன. விலை மலிவு, மணம் யாருக்கும் பிடிக்கும்.

அது உண்மையில் என்ன செய்கிறது? சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2014-ல் வெளியான ஈரானிய ஆய்வொன்றில் கர்ப்பகாலக் குமட்டலால் அவதிப்பட்ட 100 பெண்களில் ஒரு பாதியினர் எலுமிச்சை எண்ணெயை முகர்ந்தார்கள்; மறுபாதியினர் வெறும் எண்ணெயை. எலுமிச்சை முகர்ந்தவர்களுக்குச் சில நாட்களிலேயே குமட்டல் கூடுதலாகக் குறைந்தது. அம்மாவின் கைப்பை எலுமிச்சைக்கு இதுவே போதுமான சான்று என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் நம்பிக்கை வெறும் நம்பிக்கை இல்லை. வியன்னாவில் பல் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் ஆரஞ்சு மணத்தைப் பரப்பியபோது பெண் நோயாளிகளின் பதற்றம் குறைந்ததை 2000-ல் பதிவு செய்தார்கள்.

எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுவது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்டது. 56 பேரை எலுமிச்சை, லாவெண்டர், வெறும் நீர் ஆகியவற்றை முகரவைத்தார்கள். எலுமிச்சை மணம் மனநிலையை உயர்த்தியது. எந்த மணம் என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்கள் இரு சாராரிடமும் அப்படியே. ஆனால் புண் ஆறுவதில் மாற்றம் இல்லை. வலி தாங்குவதில் இல்லை. எதிர்ப்புச் சக்தியில் முன்னேற்றம் இல்லை. எண்ணெய் விற்பவர்கள் இந்த ஆய்வின் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தப் புட்டிக்கு நியாயம் செய்ததாகும். மூக்கு நரம்புகள் உணர்ச்சியும் நினைவும் உறையும் மூளைப் பகுதிகளோடு நேராகத் தொடர்புள்ளவை. அங்கே எலுமிச்சை மணத்துக்கு வேலை இருக்கிறது. சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் அதை மருந்தென்று விற்பவன் திருடன்.

நம் பெரியவர்கள் இதை வேறு வழியில் கண்டுகொண்டிருந்தார்கள். சித்தம் கலங்கியவரின் தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிப்பாட்டுவது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். இன்று அது கேலிப் பேச்சாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. மனநோய் அதனால் தீராது, அதற்கு மருத்துவர் வேண்டும். ஆனால் கலங்கிய மனத்தை அந்த மணம் கொஞ்சம் தெளியவைக்கிறது என்று யாரோ கவனித்துப் பார்த்துத்தான் தொடங்கியிருப்பார்கள். ஒஹையோக்காரர்கள் அளந்ததும் அந்தக் 'கொஞ்சம்'தான்.

இன்னொன்று, செவ்வாய் வெள்ளி ராகு காலத்தில் துர்க்கை சந்நிதியில் ஏற்றும் எலுமிச்சை விளக்கு. பழத்தைக் குறுக்கே அறுத்து, சாற்றைப் பிழிந்துவிட்டு, மூடியை வெளிப்புறம் உள்ளே போகும்படி திருப்புகிறார்கள். இப்போது பச்சைத் தோல் கிண்ணத்தின் உட்பக்கம். விரிந்திருந்த புறத்தோல் குழிவாக மடங்கும்போது எண்ணெய்ப் பைகள் ஒன்றையொன்று நெருக்கி உடைகின்றன. அதன்மேல் நெய், நெய்யில் திரி. சுடரின் சூட்டில் நெய் இளகி, தோலிலிருந்து கசிந்த எண்ணெயைத் தன்னுள் வாங்கி மெல்ல மெல்ல மணமாக வெளியே விடுகிறது. முப்பது நாற்பது விளக்குகள் வரிசையாக எரியும் மண்டபத்தில் போய் நின்றால் நெஞ்சு வரை அந்த மணம் இறங்கும். கடைகளில் மின்சாரத்தில் ஓடும் மணம் பரப்பிக் கருவி செய்கிற வேலையை இங்கே ஒரு பழத்தோல் செய்கிறது. விளக்கேற்றிவிட்டு நடுப்பகல் வெயிலில் வெளியே வருகிறவர்கள் கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டால் நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு நாகலாபுரத்துச் சாலைக்குத் திரும்ப ஒரு காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது, சித்தூரிலிருந்து நாகலாபுரமும் நெல்லூரிலிருந்து வெங்கடகிரி, கூடூர் வட்டாரங்களும் ஒரே மாவட்டத்துக்குள் வந்து சேர்ந்தன. கூடூர் தென்னிந்தியாவின் பெரிய எலுமிச்சைச் சந்தைகளில் ஒன்று. வெங்கடகிரி பக்கம் பெட்லூரில் எலுமிச்சைக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சொறி நோயைத் தாங்கும் 'பாலாஜி' என்ற ரகமும் உண்டு. சொறி என்பது தோலில் பொருக்குப் பொருக்காகப் படரும் பாக்டீரியா நோய். சாற்றுக்குக் கேடில்லை, தோல் கெட்டுவிடும். தோல் கெட்டால் விலை போகாது.

அந்த விலை ஆடும் ஆட்டம் விவசாயியைத்தான் உலுக்குகிறது. 2022 கோடையில் சில்லறைக் கடையில் ஒரு பழம் பத்து ரூபாயைத் தாண்டியது. மழைக்காலத்தில் காய்ப்பு கூடித் தாகம் குறையும்போது, பறிகூலிக்கே கட்டாமல் பழம் மரத்தடியில் மஞ்சளித்துக் கிடக்கும். மொன்செராட்டில் கொப்பரை வைத்தவர்களின் கதை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வரும். நூறு கிலோ பழத்தில் எண்ணெய் அரைக் கிலோவைக்கூடத் தொடாது என்பது மெய்தான். ஆனால் வடிப்பதற்கு அழகான பழம் வேண்டாம். சொறி விழுந்தது, மஞ்சளித்தது, அளவில் சிறுத்தது எல்லாம் போதும். லெமன்கிராஸ் புல்லை வடிக்கும் நீராவிக் கலன்கள் ஆந்திரத்துக்குப் புதியவை அல்ல. ஆராய்ச்சி நிலையமும் சந்தையும் அருகருகே இருக்கும் இந்தப் பகுதியில், விலை விழும் மாதங்களுக்கென்று கூட்டுறவு முறையில் வடிகலன் வைக்க அரசு முன்வர வேண்டும் என்பது என் திடமான எண்ணம். உலகச் சந்தையில் மெக்சிகோவும் பெருவும் இந்த எண்ணெயை விற்கின்றன. எலுமிச்சை விளைச்சலில் முதல் வரிசையில் நிற்கும் இந்தியாவின் விவசாயி, பழம் கிலோ என்ன விலை என்ற ஒற்றைக் கேள்வியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, புட்டி வாங்குகிறவர்களுக்கு. லேபிளில் பிழிந்ததா வடித்ததா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாத புட்டியை வாங்காதீர்கள். தோலில் தடவுவதானால் வடித்ததுதான் ஏற்றது, அதையும் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்துதான். பிழிந்த எலுமிச்சை எண்ணெயைத் தோலில் விட்டுவைப்பதற்குப் பாதுகாப்பு வரம்பு 0.7 சதவீதம்: 100 மில்லி எண்ணெய்க்குச் சுமார் 14 சொட்டு. அதற்கு மேல் போனால் குறைந்தது 12 மணி நேரம் அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. குடிக்கக் கூடாது. கைக்குழந்தையின் அருகிலும் பூனை வளர்க்கும் வீட்டிலும் பரப்பக் கூடாது. பழைய எண்ணெயில் லிமோனீன் காற்றோடு கலந்து அரிப்பு உண்டாக்கும் பொருளாக மாறிவிடும். ஆகவே சிறு புட்டியாக, கருநிறக் கண்ணாடியில் வாங்கி, இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்து, ஓராண்டுக்குள் தீர்த்துவிடுங்கள். மலைப்பாதைக் குமட்டலுக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் புட்டி எதற்கு? ஊத்துக்கோட்டை கடைத்தெருவில் ஒரு பழம் வாங்கிக்கொள்ளுங்கள். தோல் பச்சையாக, விறைப்பாக இருக்க வேண்டும்.